மதினி எடுத்த நாடா

கடையில் அன்று இருந்தவர்கள்: கடைக்கார பாய். மேகமலை எஸ்டேட்டுக்குக் கம்பி வாங்க வந்த மேஸ்திரி. எங்கள் முதலாளியின் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கத் துத்தம் வாங்க வந்த நான். மதினி.

நாலு பேர்தான். ஆனால் நிற்க இடமில்லை. மேஜைமேல், தரையில், பாய் உட்காரும் நாற்காலியில் என்று எல்லா இடத்திலும் மதினி சுருள்களைப் பிரித்துப் போட்டிருந்தார்.

உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த உரக்கடை அது. மின்வேலிச் சாமானும் விற்றார்கள். அந்த வேலியில் ஓடுவது வீட்டுக் கரண்டு இல்லை. பேட்டரியில் ஒரு பெட்டியை மாட்டி விட்டால், அது விட்டுவிட்டு அடிக்கும். மாட்டைக் கொல்லாது. மூக்கில் சுண்டியது மாதிரி இருக்கும். அந்தக் கரண்டைக் கொண்டுபோக மூன்று தினுசு இருந்தது. வெறும் இரும்புக் கம்பி. கம்பி இழை வைத்து முறுக்கிய பிளாஸ்டிக் கயிறு. அப்புறம் வெள்ளை டேப்பு. டேப்புக்குள்ளே மயிர் மாதிரி கம்பி இழை நெய்திருக்கும். அதில் மூன்று விரல் அகலம் ஒன்று, ஒரு விரல் அகலம் ஒன்று.

மதினி அதை நாடா என்பார்.

மதினிக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை எடுத்தது மூன்று விரல் அகலம். அது தோற்றுப்போனது. இந்தத் தடவையும் தோற்றால் மாடு போய்விடும். அது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஃபேனப் போடுங்க பாய்" என்றார்.

"வேர்க்குதா தங்கச்சி?"

"எனக்கில்ல. நாடாவுக்கு."

பாய் மேஜை ஃபேனைப் போட்டார். மதினி ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை மேஸ்திரியைப் பிடிக்கச் சொன்னார். அகல நாடா படபடவென்று அடித்தது. ஒரு விரல் நாடா லேசாக நடுங்கியது. மதினி ஃபேனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். முந்தானை பறந்தது. அதைப் பார்க்கவில்லை.

மேஸ்திரிக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. யானைக்கு வேலி போடவே நாங்கள் இவ்வளவு யோசிப்பதில்லை என்று சொன்னார்.

"யானைக்கு நீங்க யோசிக்க வேணாம். அதுவே யோசிச்சுக்கிரும்" என்றார் மதினி. "கொஞ்சம் இழுத்துப் பிடிங்கண்ணே."

மதினி எந்தச் சாமானையும் வாங்கினேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. எடுத்தேன் என்பார். நாம் புடவைக்குச் சொல்கிற சொல். மதினி கத்திரிக்காய்க்கும் அதையே சொல்வார். சந்தையில் கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தால், காய்க்காரன் தலையில் கையை வைத்துக்கொள்வான். ஒவ்வொன்றாகக் காம்பைத் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள் அவன், "மயினி, பொண்ணு பாக்க வந்தியா, காய் வாங்க வந்தியா?" என்று கேட்டான். "பொண்ணுன்னா நீ பொய் சொல்லுவ. காய் சொல்லாது" என்றார்.

அப்படிப் பொறுக்கி எடுத்த காயிலும் புழு இருக்கும். அதுதான் விஷயம். மதினி எடுப்பதெல்லாம் நல்லதாக அமையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிக்குப் பாதி தவறும். ஆனால் காய்க்காரனிடம் திரும்பிப் போய்ச் சண்டை போட மாட்டார். புழுவை நறுக்கி எறிந்துவிட்டுக் குழம்பு வைப்பார்.

ஒருமுறை ஏன் எப்போதும் எடுத்தேன் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாங்குனேன்னா குடுத்தவன் மேல பழி. எடுத்தேன்னா எம்மேல" என்றார். அவ்வளவுதான். பிறகு தீவனம் அள்ளப் போய்விட்டார்.

ஒரு மாறுகண் காளையை எடுத்துக்கொண்டு வந்தார். சந்தையில் நாள் முழுக்க நின்று எடுத்தது. கொம்பு நன்றாக இருந்தது. திமில் நன்றாக இருந்தது. கண்ணைப் பார்க்க மறந்துவிட்டார். ஊரே சிரித்தது. காளை வடக்கே பார்த்து நடந்தால் மேற்கே போய்ச் சேரும். பசுக்களிடமும் அதற்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை. விற்றுவிடச் சொன்னார்கள். "நான் எடுத்தது" என்றார். கடைசிவரை தீவனம் போட்டார்.

புருஷனையும் அவர்தான் எடுத்தார். வீட்டில் பார்த்த இடம் வேண்டாம் என்று சொல்லி, எனக்கு ஊர்முறையில் அண்ணனான இந்த ஆளைக் கட்டியவர். அந்த ஆள் ஏலக்காய் எடுக்கக் குமுளிப் பக்கம் போனார். வருஷத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று பேச்சு. பெண்கள் சேர்ந்து அவரைத் திட்டினால் மதினி எழுந்துபோய்விடுவார். என்னிடம் ஒரே ஒருதடவை சொன்னார். "கொழுந்தா, அந்த மனுசனையும் ஃபேன் போட்டுப் பாத்துருக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

புருஷன் விட்டுப்போனது மலைமாடுகள். சின்ன உருவம், செவலை நிறம், பெரிய கொம்பு. பால் ஒரு டம்ளர் தேறாது. முன்பு மலையில் மேய்ந்தன. மலைக்கு மாடு விடக்கூடாது என்று ஆனபின் மதினி கீழே கிடை போட ஆரம்பித்தார். அறுப்பு முடிந்த காட்டில் மாடுகளை ராத்தங்க வைப்பது. சாணமும் மூத்திரமும் மண்ணுக்கு. சோளத்தட்டையும் கூலியும் மாட்டுக்காரருக்கு. சில நாள் கழித்து அடுத்த காடு.

கிடைக்குக் காவல் வேண்டும். கூடக் காவல் இருந்த கிழவர் போடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். மதினி ஒற்றை ஆள். அதனால்தான் வேலி. கம்பி என்றால் சுருட்டிச் சுருட்டி இடம் மாற்ற முடியாது. கயிறு மாட்டின் கண்ணுக்குத் தெரியாது. மலைமாடு மிரண்டால் நிற்காமல் ஓடும். கண்ணில் பட்டால்தான் நிற்கும். அதனால் நாடா. நன்றாகக் கண்ணில் படட்டும் என்று அகல நாடா. யோசித்துத்தான் எடுத்தார்.

ஆடிக் காற்றை யோசிக்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கும். வாழைக்கு முட்டுக் கொடுக்காதவன் கதை முடிந்தது. அகல நாடா பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்தது. விடாமல் அடித்ததில் உள்ளே இருந்த கம்பி இழைகள் இற்றுப்போயின. வெளியே பார்த்தால் நாடா முழுசாக இருந்தது. ஒரு இடத்தில் அறுந்தும் போனது. மதினி அதை மாட்டுக்கயிற்றுக்குப் போடுகிற முடிச்சுப் போட்டுச் சேர்த்தார். எந்த மாடு இழுத்தாலும் அவிழாத முடிச்சு. ஆனால் முடிச்சுக்குள்ளே கம்பி கம்பியைத் தொடவில்லை. நாடா சேர்ந்தது, கரண்டு சேரவில்லை. முடிச்சுக்கு அந்தப் பக்கம் வெறும் துணி.

மாடுகள் அந்தப் பக்கமாக வந்தன. எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தன. கொழுந்து விட்டிருந்த நேரம். எட்டிய இலையை எல்லாம் இழுத்தன. காலையில் நான்தான் விரட்டினேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இழந்த இலைக்குக் காசு வேண்டாம், இனி ஒருதடவை மாடு பந்தலுக்குள் வந்தால் இந்த ஊரில் யாரும் கிடைக்கு இடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். பெரியவர்கள் சரி என்றார்கள். எங்கள் ஊரில் இடமில்லை என்றால் அடுத்த ஊரிலும் இருக்காது. கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு மாடு ஏற்றிப்போகிற லாரிகள் அந்த வருஷம் நிறைய ஓடின. ஏறிய மாடு திரும்பாது.

கூட்டத்தில் ஒருத்தர் மதினிக்காகப் பேசினார். உரக்கடைக்காரன் தப்பான சாமானைத் தலையில் கட்டிவிட்டான், பொம்பளை என்ன செய்வாள் என்றார்.

மதினி எழுந்தார். "அவுக மூணும் காட்டுனாக. நாந்தான் எடுத்தேன்" என்றார். உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைக்கு வந்தது. பாய்க்குக் கூட்டத்தில் நடந்தது எப்படியோ தெரிந்திருந்தது. பழைய நாடாவைக் கொண்டுவாருங்கள், விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றார். மதினி வேண்டாம் என்றார். அதை வைத்துக் கன்றுகளுக்குக் கயிறு திரித்திருந்தார்.

ஒரு விரல் நாடாவின் நுனியை நகத்தால் பிரித்தார். இழைகளை மேஜைமேல் பரப்பினார். அகல நாடாவையும் பிரித்தார். அகல நாடாவில் துணி அதிகம், கம்பி குறைவு. ஒரு விரல் நாடாவில் கம்பி நெருக்கம்.

"இத மொதல்லயே பிரிச்சிருக்கணும்" என்றார். யாரிடமும் இல்லை.

"மாட்டுக்குக் கண்ணுல படுமா தங்கச்சி இது? மெலிசா இருக்கே" என்றார் பாய்.

"ஒத்த வரிசையா ஓட்டுனா படாது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு ஓட்டுறேன். நடுவுல நடுவுல ஒரு முறுக்கு விட்டா காத்து புடிக்காது. இங்கன பாருங்க." நான் பிடித்திருந்த முனையை ஒரு திருகு திருகினார். ஃபேன் ஓடியது. நாடா நின்றது.

"சேக்குறதுக்கு முடிச்சு வேணாம்" என்று பாய் ஒரு தகரக் கொக்கி காட்டினார். இரண்டு முனையையும் உள்ளே விட்டு நெரித்தால் கம்பியும் கம்பியும் சேரும். மதினி அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பினார்.

"பாய், கல்யாணப் பட்டு எடுக்கவே இம்புட்டு நேரம் ஆகாது" என்றார் மேஸ்திரி.

"பட்டு நல்லால்லன்னா பெட்டிக்குள்ள கெடக்கும். இது நல்லால்லன்னா மாடு லாரிக்குள்ள கெடக்கும்" என்றார் மதினி. பிறகு பாயைப் பார்த்து, "ஒத்த வெரலே எடுத்துக்கிறேன்" என்றார்.

மேஸ்திரி போகும்போது சுருளைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வேலி போட்டார். கருவேலங் கம்பை முளையாக அடித்து, முளைக்கு முளை பிளாஸ்டிக் குமிழ் வைத்து, குமிழ்மேல் நாடா. நாடா முளையைத் தொடக்கூடாது. தொட்டால் கரண்டு மரத்தின் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். பச்சை இலை பட்டாலும் அப்படித்தான். அதனால் வேலிக்கடியில் புல் முளைக்க விடமாட்டார்.

மாடுகளைச் சின்ன வட்டத்துக்குள் விட்டுப் பழக்கினார். ஒவ்வொன்றும் மோந்து பார்த்தது. ஒவ்வொன்றும் ஒரு சுண்டு வாங்கியது. மாறுகண் காளைக்கு எந்த நாடா நிஜம் என்று தெரியாமல் இரண்டு சுண்டு. அதற்குப் பிறகு ஒரு முழம் தள்ளியே நின்றன.

தினமும் சாயங்காலம் பெட்டியைப் போட்டதும் ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளி நாடாமேல் வைப்பார். புல் வழியாகக் கையில் ஊர்ந்தால் கரண்டு இருக்கிறது. "ஊருது" என்பார். நான் பந்தலிலிருந்து கேட்டுக்கொள்வேன். முதலாளியும் ஒருநாள் வேலி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்து முழங்கையை வைத்தார். துள்ளிப் பின்னால் போனார். மதினி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு வருவார்.

மழைக்காலம் போனது. மாடு ஒன்றும் வெளியே வரவில்லை. மார்கழி கடைசி வந்தது. மதினியின் கிடை எங்கள் தோட்டத்துக்கு அடுத்த சோளக்காட்டில் இருந்தது. பந்தலில் காய் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

போகியன்று மதியம் மதினி பெட்டியை அணைத்துவிட்டு மாடுகளைக் குளிப்பாட்ட முல்லையாற்றுக்கு ஓட்டிப்போனார். அந்த நேரம் முதலாளியம்மா தோட்டத்துக்குக் காப்புக் கட்ட வந்தார்கள். கண்ணுப்பீளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டி வைப்பது. வீட்டு வாசல், காடு, தொழுவம் எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். அண்டை அயலில் கெட்டது அண்டாது. தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் கூடை கூடையாகக் கொண்டு வந்திருந்தார்கள். பந்தல் கல்தூணுக்கெல்லாம் கட்டி முடித்தும் மீதி இருந்தது.

முதலாளியம்மா மதினியின் வேலியைப் பார்த்தார்கள். வரிசையாக முளைகள்.

"அதுக்கும் கட்டுங்கடி. பக்கத்துல இருக்க பட்டியும் நம்ம எல்லதான" என்றார்கள்.

பெண்கள் முளைக்கு முளை கட்டினார்கள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த நூல். குமிழ், நாடா, முளை எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். நான் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மதினி சாயங்காலம் மாடுகளோடு வந்தார். வேலியைப் பார்த்து நின்றார். யார் கட்டியது என்று கேட்டார். சொன்னேன். முதலாளியம்மா சொன்னதையும் சொன்னேன். மாடுகளை உள்ளே விட்டார். பெட்டியைப் போட்டார். டிக், டிக் என்று அடித்தது. புல்லைக் கிள்ளி வைத்தார்.

ஊரவில்லை.

நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு விரலையே வைத்தார். நாடாவில் ஒன்றுமில்லை. முளைக்கு முளை ஈர இலை. கரண்டு எல்லாம் மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அவுத்துருவமா மதினி?" என்றேன்.

"காப்ப யாராச்சும் அவுப்பாகளா?"

அதுவும் சரி. கட்டிய காப்பு காய்ந்து தானாக விழ வேண்டும். நல்ல நாளில் அவிழ்த்தால் கட்டியவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

"போயிச் சொல்லுவோம். அவுகளே அவுக்கட்டும்."

"நல்ல நாளும் அதுவுமா, நீங்க கட்டுனதுனால என் வேலி கெட்டுச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"மாடு வெளிய வந்தா?"

மதினி பந்தலைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். மாடுகள் குளித்த ஈரத்தோடு நின்றன.

"கொழுந்தா, அவுக கட்டுனத நான் அவுத்தா மாடு உள்ள நிக்கும். நான் ஊருக்கு வெளிய நிக்கணும்." பிறகு சொன்னார். "இருக்கட்டும். எடுத்தாச்சு."

பெட்டியை அணைக்கவில்லை. அது சும்மா அடித்துக்கொண்டிருந்தது.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. ராத்திரியெல்லாம் பந்தலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மதினி உள்ளே மாடுகளோடு சாக்கை விரித்துப் படுத்திருந்தார். தூங்கினாரா என்று தெரியாது. நான் நடந்துபோகும்போதெல்லாம் இருமுவார்.

மாடுகள் வேலிவரை வந்தன. நாடாவை மோந்து பார்க்கிற தூரத்தில் நின்றன. திராட்சை வாசனை காற்றில் வந்தது. கழுத்தை நீட்டின. திரும்பிப் போயின. பொங்கலன்று மாறுகண் காளை மட்டும் மூக்கை ரொம்பக் கிட்டே கொண்டுபோனது. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதினி உள்ளேயிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். காற்றில் நாடா லேசாக நடுங்கியது. காளை பின்னால் நகர்ந்தது. பிறகு படுத்து அசைபோட்டது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

மாட்டுப்பொங்கலன்று முதலாளி குடும்பத்தோடு வந்தார். வாழையிலையில் பொங்கல் கொண்டுவந்திருந்தார். கூட்டத்துக்குப் பிறகு அவர் மதினியிடம் நேராகப் பேசியதில்லை. வேலிக்கு வெளியே நின்று இலையை நீட்டினார். மதினி உள்ளேயிருந்து வாங்கினார். கைமாற்றும்போது இலை சரிந்தது. முதலாளி பிடிக்கக் குனிந்தார். மணிக்கட்டு முழுதாக நாடாமேல் அழுந்தியது.

கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். பிறகுதான் வலிக்கவில்லை என்று தெரிந்தது. கையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். மெதுவாக ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார்.

"ஏத்தா, பெட்டியப் போடலயா?"

"போட்டுத்தான் இருக்குண்ணே."

டிக், டிக் என்று சத்தம் அவருக்கும் கேட்டது.

"அப்ப ஏன் சுண்டல?"

மதினி இலையில் இருந்த பொங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். பனியில் காயாத ஈர இலை, முளை, மண் என்று சொன்னேன். காப்பை அவிழ்க்க மதினி விடவில்லை என்றும் சொன்னேன்.

"எப்ப இருந்து?"

"போகியில இருந்து" என்றேன்.

முதலாளி திரும்பிப் பந்தலைப் பார்த்தார். கொத்துக் கொத்தாக அப்படியே தொங்கியது. மாடுகளைப் பார்த்தார். கொம்பில் வர்ணமும் கழுத்தில் நெட்டிமாலையுமாக வேலியை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றன.

முதலாளியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். "ஆத்தா, சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையாக் கட்டியிருந்தீக" என்றார் மதினி.

முதலாளி பெட்டியை அணைக்கச் சொன்னார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முதல் முளைக்குப் போனார். குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கட்டுன வீட்டுக்காரன் அவுத்தாக் குத்தமில்ல" என்றார். "அடுத்த வருசம் மாட்டுக் கழுத்துல கட்டுவோம். வேலியில வேணாம்."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது மதினிக்குக் கேட்டது. முதலாளியம்மா அந்தப் பக்கக் கடைசி முளையிலிருந்து ஆரம்பித்தார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். மதினி பொங்கலை மாறுகண் காளைக்கு ஊட்டிவிட்டு வந்து, தானும் ஒரு முளைக்கு அடியில் உட்கார்ந்து அவிழ்த்தார். காளை பின்னாலேயே வந்து அவர் அவிழ்த்துப் போட்ட வேப்பிலையைத் தின்றது. அதற்கு முதலாளி சிரித்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எல்லாம் முடிந்ததும் மதினி பெட்டியைப் போட்டு ஒரு புல்லைக் கிள்ளினார். நாடாமேல் வைத்தார்.

"ஊருது" என்றார்.

முதலாளியம்மா காப்புகளைக் கூடையில் போட்டு எண்ணச் சொன்னார்கள். காளை தின்றதையும் சேர்த்து எண்ணினேன்.

நாற்பத்தேழு.